மின்சாரம் செல்லும் வழி



அந்தமானின் தலைநகராகிய போர்ட் பிளேர், 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்னும் புதுப்பெயர் பெற்றது. அந்நகரின் குடியிருப்புகளுள் ஒன்று டெய்ரி ஃபார்ம். அங்கே ஒரு வீட்டில் மாலை ஆறு மணிக்குச் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. சென்னையிலும் மும்பையிலும் பெங்களூரிலும் அவ்வாறே எரிகிறது. ஆயினும் இவற்றிடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. பெருநிலத்திலோ 2013-ஆம் ஆண்டின் இறுதியில் தென்னகமும் வடபுலத்தோடு இணைந்தபின், நாடு முழுவதும் ஒரே மின்வலையாகிவிட்டது. ஓரிடத்தில் ஓர் இயந்திரம் நின்றால் வேறோர் இடத்து இயந்திரம் கைகொடுக்கும். அந்தமானுக்கு அந்த வலையோடு தொடர்பில்லை. சென்னையிலிருந்து கடலடியில் இழுக்கப்பட்டு 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட கேபிள் செய்திகளைக் கொண்டுவருகிறதே தவிர மின்சாரத்தைக் கொண்டுவருவதில்லை. தீவுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தீவே ஆக்கிக்கொள்ள வேண்டும். அதிற் பெரும்பகுதி, கப்பலில் வந்திறங்கும் டீசலை எரித்தே பெறப்படுகிறது.

ஆகவே, மின்சாரம் எவ்வாறு செல்கிறது, எங்கே வீணாகிறது, எப்போது பகையாகிறது என்னும் வினாக்கள் தீவில் வாழ்வோருக்குத் தேர்வுக்குரிய வினாக்கள் மட்டுமல்ல. நாள்தோறும் வாழ்வைத் தொடுபவை. பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கும் இவை பொருந்துவனவே. பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்தில் மின்சாரம் ஓர் அத்தியாயம். பிள்ளை அதனை ஆங்கிலத்திலோ இந்தியிலோ படிக்கிறான். வீட்டில் தாயும் தந்தையும் தமிழில் எண்ணுகிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் அமைக்கலாம் என்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலிற் சுற்று என்னும் சொல்லைப் பார்ப்போம். பாடநூலில் 'சர்க்கியூட்' என்றும் இந்தியில் 'பரிபத்' என்றும் வருவது இதுவே. டார்ச்சு விளக்கின் மின்கலம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து புறப்படும் கம்பி, சிறு பல்பின் வழியாகச் சென்று மற்றொரு முனையை அடைந்தால்தான் பல்பு எரியும். வழியில் ஓர் இழை அறுந்தாலும் ஓட்டம் நின்றுபோகும். மின்சாரம் வீட்டுக்குள் வந்து தீர்ந்துபோவதில்லை. வந்த வழி ஒன்றாயின், திரும்பும் வழி மற்றொன்று. சுவரில் இரண்டு கம்பிகள் வருவதன் பொருள் இதுவே. சுவிட்சு என்பது அந்த வழியை நாம் விரும்பும்போது அறுக்கவும் சேர்க்கவும் அமைத்த ஒரு கதவு.

இனி மூன்று அளவுகள். கம்பியின் ஒரு குறுக்குவெட்டைக் கடந்து ஒரு விநாடியில் எவ்வளவு மின்னூட்டம் செல்கிறது என்பது மின்னோட்டம், இந்தியில் 'தாரா'. இதனை ஆம்பியரால் அளக்கிறோம். அவ்வோட்டத்தைத் தள்ளும் வேறுபாடு மின்னழுத்தம், இந்தியில் 'விபவாந்தர்'. இதன் அளவு வோல்ட். ஓட்டத்துக்குக் கம்பியும் கருவியும் காட்டும் எதிர்ப்பு மின்தடை, இந்தியில் 'பிரதிரோத்'. இதன் அளவு ஓம். மேல்நிலைத் தொட்டியின் உயரம் மின்னழுத்தத்தையும், குழாயில் ஓடும் நீர் மின்னோட்டத்தையும், குழாயின் குறுகலும் நீளமும் மின்தடையையும் நினைவூட்டும். ஆனால் இவ்வுவமையை ஓர் எல்லைவரைதான் கொண்டுசெல்லலாம். குழாய் உடைந்தால் நீர் வெளியே கொட்டும்; கம்பி அறுந்தாலோ மின்சாரம் கொட்டுவதில்லை, ஓட்டமே நின்றுவிடும்.

இம்மூன்று அளவுகளையும் ஒரு விதியால் இணைத்தவர் ஜியார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானியர். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789-இல் பிறந்த அவர், கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அக்காலத்து மின்கலங்கள் எரிய எரியத் தளர்ந்துபோகும். அவற்றை வைத்து அளந்த அளவுகள் நிலையாக நில்லா. ஆதலால் அவர் வேறொரு வழி கண்டார். செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்பவேறுபாடு மாறாதிருந்தமையால் அதிலிருந்து பிறந்த மின்னழுத்தமும் மாறாதிருந்தது. பின்னர் வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை இணைத்து ஓட்டத்தை அளந்தார். 1827-இல் தம் முடிவை நூலாக வெளியிட்டபோது அதற்குத் தக்க வரவேற்புக் கிடைக்கவில்லை. அவர் தம் வேலையையும் விட்டார். 1841-இல் இலண்டன் ராயல் கழகம் அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கியது. இன்று அவர் பெயரே மின்தடையின் அளவாகிவிட்டது.

அவர் கண்ட விதி இது: வெப்பநிலை மாறாதிருக்கும்போது, ஒரு கடத்தியின் வழியே செல்லும் மின்னோட்டம் அதன் முனைகளிடையே உள்ள மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். சூத்திரமாகச் சொன்னால், மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. 1,000 வாட் கொண்ட நீர்கொதிக்கும் ஹீட்டர் ஒன்றின் மின்தடை ஏறக்குறைய 53 ஓம். அதனை 230 வோல்ட்டில் இணைத்தால் 230-ஐ 53-ஆல் வகுக்க, சற்றேறக்குறைய 4.3 ஆம்பியர் பாயும். வீட்டில் வருவது திசைமாறும் மின்சாரம். விநாடிக்கு 50 முறை அலைவது. எனினும் ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி போன்ற வெப்பக் கருவிகளுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தும். மின்விசிறி, குளிர்பெட்டி போன்ற மோட்டார்க் கருவிகளுக்கு மட்டும் வேறு சில கணக்குகளும் சேரும்.

மின்தடை எதனைப் பொறுத்தது? நான்கு பொருள்களைப் பொறுத்தது. கம்பி நீண்டால் தடை கூடும். பருத்தால் குறையும். எந்த உலோகம் என்பதைப் பொறுத்து மாறும். வெப்பம் ஏறினால் உலோகங்களில் பெரும்பாலும் தடையும் ஏறும். அலுமினியத்தின் தடை செம்பினுடையதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். ஹீட்டர்ச் சுருளுக்குப் பயன்படும் நிக்ரோம் கலவையின் தடையோ செம்பினுடையதைப்போல் அறுபது மடங்கு அளவிலானது. அதனாலேதான் அதே ஓட்டம் சென்றாலும் சுருள் செந்நிறமாகக் கனல, அதற்குச் செல்லும் செம்புக்கம்பி குளிர்ந்தே இருக்கிறது.

வீட்டிலுள்ள விளக்குகளும் விசிறிகளும் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன? திருவிழாக் காலத்தில் கோயில் முகப்பில் தொங்கும் பழைய வகைச் சீரியல் செட்டை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் 6 வோல்ட் கொண்ட ஏறக்குறைய 38 சிறு பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். இது தொடர் இணைப்பு. எல்லாவற்றிலும் ஒரே ஓட்டம் செல்லும்; அழுத்தம் மட்டும் பங்கிடப்படும்; தடைகள் ஒன்றோடொன்று கூடும். ஒரு பல்பு போனால் சரம் முழுவதும் இருளும். வீட்டு இணைப்பு அவ்வாறன்று. ஒவ்வொரு கருவியும் அதே 230 வோல்ட்டை நேரே பெறுமாறு பக்க இணைப்பில் அமைந்துள்ளது. கூடத்து விளக்கை அணைத்தாலும் அடுக்களை விளக்கு எரிவது இதனாலேதான். பக்க இணைப்பில் ஒவ்வொரு கருவியைச் சேர்க்கும்போதும் ஓட்டத்துக்கு ஒரு புதுவழி திறக்கிறது. மொத்தத் தடை குறைகிறது. மொத்த ஓட்டம் கூடுகிறது. ஒரே பிளக்கில் மூன்று நான்கு கருவிகளைச் செருகுவோர் இதனை மறத்தல் ஆகாது. கருவிகள் ஒவ்வொன்றும் தத்தம் பங்கை மட்டுமே கேட்கின்றன. அவை அனைத்தின் பங்கையும் சுமப்பது சுவருக்குள் இருக்கும் ஒரே கம்பி.

இப்போது திறன். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது மின்திறன். அதன் அளவு வாட். இங்கே நம் பிள்ளைகள் கவனிக்கவேண்டிய ஒரு சொல்மயக்கம் உண்டு. இந்திப் பாடநூலில் திறனை 'சக்தி' என்பர். ஆற்றலை 'ஊர்ஜா' என்பர். தமிழிலோ ஆற்றலையே சக்தி என வழங்குவது நெடுநாள் வழக்கம். வீட்டில் தந்தை ஆற்றலைக் கருதிச் 'சக்தி' என்கிறார். பிள்ளை திறனைக் கருதி 'சக்தி' என்று எழுதுகிறான். இருவரும் ஒரே சொல்லால் இரு வேறு பொருளைச் சொல்கிறார்கள். ஆகவே தமிழில் 'திறன்', 'ஆற்றல்' எனப் பிரித்தே வழங்குதல் நன்று. திறன் என்பது வேலை நடக்கும் வேகம். ஆற்றல் என்பது நடந்து முடிந்த வேலையின் அளவு. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றல் ஒரு கிலோவாட் மணி. மின்கட்டணச் சீட்டில் காணும் 'யூனிட்' இதுவே.

திறனையும் தடையையும் இணைத்துப் பார்த்தால், தாழ்ந்த அழுத்தத்தால் நேரும் தொல்லை விளங்கும். மாலை வேளையில் எல்லா வீடுகளிலும் விளக்கெரியும்போது, நெடுந்தொலைவு சென்ற மெல்லிய கம்பியின் கடைசி வீட்டில் 230 வோல்ட்டுக்குப் பதிலாக 184 வோல்ட்டே கிடைக்கிறது என்று கொள்வோம். அழுத்தம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் ஹீட்டரின் திறன், அழுத்தத்தின் இருபடியைப் பொறுத்தது. ஆகவே 1,000 வாட் என்பது 640 வாட்டாகச் சுருங்கும். பத்து நிமிடத்தில் கொதிக்கவேண்டிய நீர் ஏறத்தாழ பதினாறு நிமிடம் எடுக்கும். குளிர்பெட்டிக்கு நேர்வது இதனினும் கேடு. அதன் மோட்டார் தாழ்ந்த அழுத்தத்தில் சுழலத் திணறி, அளவுக்கு மேல் ஓட்டத்தை இழுத்துச் சூடேறும். சில வேளை சுருளே எரிந்துபோகும். வீடுகளில் ஸ்டெபிலைசர் வைப்பது இதனைத் தடுக்கவே.

கம்பியின் தடையால் வீணாகும் திறனுக்கும் ஒரு கணக்கு உண்டு. மின்னோட்டத்தின் இருபடியைத் தடையால் பெருக்கினால் கம்பியில் பிறக்கும் வெப்பம் கிடைக்கும். இதனை 1841-இல் ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கிலேயர் கண்டார். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக்கம்பி 20 மீட்டர் தொலைவு சென்று திரும்பினால், மொத்த நீளம் 40 மீட்டர்; தடை ஏறக்குறைய 0.7 ஓம். பத்து ஆம்பியர் சென்றால் வழியிலேயே 7 வோல்ட் குறையும். 70 வாட் வெப்பமாகக் கழியும். ஓட்டத்தைப் பாதியாக்கினால் இவ்விழப்பு நான்கில் ஒன்றாகும். பத்தில் ஒன்றாக்கினால் நூறில் ஒன்றாகும்.

நெடுந்தொலைவு மின்சாரத்தை அனுப்புவோர் கையாளும் தந்திரம் இதுவே. அழுத்தத்தை உயர்த்தினால், அதே திறனைக் குறைந்த ஓட்டத்தில் அனுப்பலாம். இந்தியாவில் இதற்கு ஓர் அருமையான முன்மாதிரி, நம்மவர் வாழ்வோடு பிணைந்தது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் ஆக்கிய மின்சாரத்தை, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு 1902-இல் உயரழுத்தக் கம்பிகளின் வழியே கொண்டுசென்றனர். அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளுள் அஃது ஒன்று. அச்சுரங்கங்களில் உழைத்தவர்களுள் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பத்தினர். சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. எனினும் அந்த மின்பாதை கற்பித்த பாடம் இன்றும் நிற்கிறது. அந்தமானிலும் நிலையத்திலிருந்து 33,000 வோல்ட்டிலும் 11,000 வோல்ட்டிலும் செல்லும் மின்சாரம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கியே வீட்டை அடைகிறது.

இனி, ஆபத்தைப் பற்றிச் சில சொற்கள். கடல்சூழ்ந்த நிலத்தில் காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. முறுக்கி விட்ட இணைப்பில் களிம்பேறும். அவ்விடத்துத் தடை அரை ஓம் அளவுக்கு உயர்ந்தால் போதும். பத்து ஆம்பியர் செல்லும்போது 50 வாட் வெப்பம் ஒரு புள்ளியிலேயே பிறக்கும். ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோலின் வெப்பம் ஏறத்தாழ இவ்வளவே. பிளக்கின் ஓரம் கருகுவதும், சுவிட்சுப் பலகையில் தீய்ந்த நாற்றம் வருவதும் இதன் அறிகுறிகள். இங்கே நினைவில் நிறுத்தவேண்டியது ஒன்று: ஓட்டம் அளவுக்கு மேல் போகாமையால் ஃப்யூஸ் உருகாது. ஃப்யூஸ் மிகை ஓட்டத்தை மட்டுமே அறியும். தளர்ந்த இணைப்பை அது அறியாது. அதனை அறிய வேண்டியவை நம் கண்ணும் மூக்கும். அறிந்தபின், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்தலே முறை. உருகிய ஃப்யூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பது, காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

நம் உடலும் ஒரு கடத்திதான். உலர்ந்த தோலின் தடை பல்லாயிரம் ஓம். ஈரக் கையின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். இதயத்தை நிலைகுலையச் செய்ய இதனினும் குறைந்த ஓட்டமே போதும். அதனாலேதான் கசிவைக் கண்டு இணைப்பை அறுக்கும் ஈ.எல்.சி.பி. வகைக் கருவிகள், 0.03 ஆம்பியர் கசிந்தாலே விழுமாறு வீடுகளுக்கென அமைக்கப்படுகின்றன. மூன்று முனைப் பிளக்கின் தடித்த முனை நிலஇணைப்பு. கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், நம் உடலைக் காட்டிலும் எளிதான வழியை அது மின்சாரத்துக்குத் திறந்துவிடுகிறது. ஃப்யூஸோ பிரேக்கரோ விழ, ஆபத்து நீங்குகிறது. இரு முனைப் பிளக்கை மாட்டி இஸ்திரிப்பெட்டியை ஓட்டுவது, அந்த வழியை நாமே அடைப்பதாகும்.

முடிவாக, ஆற்றலின் விலை. டீசல் இயந்திரம் ஒரு லிட்டர் எண்ணெயிலிருந்து சற்றேறக்குறைய மூன்றரை முதல் நான்கு யூனிட் மின்சாரத்தைத் தருகிறது. அந்த எண்ணெய் கடல் கடந்து வருகிறது. மக்கள் செலுத்தும் கட்டணம் உற்பத்திச் செலவில் ஒரு பகுதியே; எஞ்சியதை அரசு, அஃதாவது நாடு, தாங்குகிறது. ஒரு வீட்டில் 60 வாட் பழைய பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்.இ.டி. விளக்கை மாட்டினால் 51 வாட் மிச்சம். நாளைக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 93 யூனிட். எண்ணெயாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 25 லிட்டர்! ஒரேயொரு விளக்கின் கணக்கு இது. ஒரு தெருவை, ஓர் ஊரை எண்ணிப் பாருங்கள்.

தீவும் வேறு வழிகளைத் தேடாமலில்லை. வட அந்தமானில் கல்பாங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் 2001-இல் தொடங்கியது. போர்ட் பிளேரை அடுத்த கரச்சராமாவில் தேசிய அனல்மின் கழகம் 5 மெகாவாட் சூரியமின் நிலையத்தை அமைத்தது. பின்னர், நம் நெய்வேலியில் நிலக்கரி தோண்டும் என்.எல்.சி. நிறுவனம் தென் அந்தமானில் 20 மெகாவாட் சூரியமின் நிலையங்களை மின்கலத் தொகுதியோடு நிறுவியது. மின்கலம் எதற்கெனில், மேகம் ஒன்று கடந்தால் சூரியமின் உற்பத்தி நொடியில் சரியும். பெருவலையில் அது தெரியாது, சிறு தீவில் அது விளக்கையே மங்கச்செய்யும். அந்த இடைவெளியை நிரப்புவது மின்கலத்தின் வேலை.

மாணவர்களே, ஓர் எளிய சோதனை. டார்ச்சு மின்கலம் இரண்டு, சிறு டார்ச்சுப் பல்பு ஒன்று, கம்பித் துண்டுகள், இருபுறமும் சீவிய பென்சில் ஒன்று ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலின் கரிக்குச்சியைச் சுற்றின் நடுவே இணைத்தால் பல்பு மங்கி எரியும். பாதி நீளமுள்ள பென்சிலை இணைத்தால் ஒளி கூடும். நீளத்தோடு தடை கூடுவதை உங்கள் கண்ணே சொல்லும். இதனை மின்கலத்தில் மட்டும் செய்க. சுவரிலுள்ள பிளக்கில் ஒருபோதும் செய்யாதீர்கள். பின்னர் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியின் அடியிலும் எழுதியிருக்கும் வாட்டைக் குறித்து, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் எழுதிப் பெருக்கிக் கூட்டுங்கள். மாத இறுதியில் வரும் கட்டணச் சீட்டோடு அதனை ஒப்பிடுங்கள். கணக்கும் சீட்டும் நெருங்கி வந்தால் பாடம் விளங்கிற்று என்க. நெருங்காவிடில், எந்தக் கருவி நீங்கள் எண்ணியதினும் மிகுதியாக உண்கிறது என்று தேடுங்கள். அத்தேடலே அடுத்த பாடம். அதனைப் பெற்றோரோடு அமர்ந்து, தமிழிலேயே பேசிச் செய்யுங்கள்.